உஷார்! புகாரே வராமல் காணாமல் போகும் புத்தகங்கள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோரே! அந்தப் பள்ளிகளில் நாலு வேலைக்கு நடுவே நூலகச் சாவியையும் சுமக்கும் ஆசிரியர்களே! கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

உங்கள் பள்ளி நூலகத்தில் யாரும் புத்தகத்தை எரிக்கவில்லை. கொடி பிடித்துக்கொண்டு யாரும் வாசலுக்கு வரவில்லை. மந்திராலயாவிலிருந்து தடை உத்தரவும் வரவில்லை. ஆகவே எல்லாம் பத்திரம் என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் கோட்டை விடுகிறீர்கள்.

புதுப் புத்தகம் வாங்கப் பட்டியல் போடும்போதே ஒரு தலைப்பின் மேல் பேனா கோடு இழுத்துவிடுகிறது. "இது வேணாம் டீச்சர், எதுக்கு லஃப்டா?" என்று ஒரு குரல். பட்டியல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. புகார் இல்லை, விசாரணை இல்லை, பதிவேட்டில் ஒரு எழுத்து இல்லை. வராத புத்தகத்தைத் தேடி எந்தப் பிள்ளையும் வந்து நிற்கப்போவதில்லை.

யாரோ வந்து எடுக்கச் சொன்னால் அது தணிக்கை. வந்துவிடுவார்களோ என்று நாமே எடுத்துவிட்டால் அது சுயதணிக்கை. முதலாவதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகலாம். இரண்டாவதை எதிர்த்து எங்கே போவது?

நம்ம ஊரில் நடந்ததை மறந்துவிட்டோமா?

2010. மும்பைப் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டு பி.ஏ. ஆங்கிலப் பாடத்தில் ரோஹின்டன் மிஸ்திரியின் 'சச் எ லாங் ஜர்னி' நாவல் இருந்தது. மிஸ்திரி இந்த ஊரில் பிறந்து கனடாவுக்குக் குடிபோன பார்சி. 1991-ல் வெளிவந்து அந்த ஆண்டே புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலைத் தொட்ட நாவல். 1971 போர்க்காலத்து பம்பாயில் ஒரு வங்கிக் குமாஸ்தா குடும்பத்தின் கதை. அதில் சில பாத்திரங்கள் சிவசேனையைக் காரசாரமாகத் திட்டுகிறார்கள்.

சிவசேனை நிறுவனர் பால் தாக்கரேயின் பேரன் ஆதித்ய தாக்கரே அப்போது செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி மாணவர். அவர் எதிர்ப்பைக் கிளப்பினார். சேனையின் மாணவர் அணி பல்கலைக்கழக வாசலில் பிரதிகளைக் கொளுத்தியது. துணைவேந்தர் ராஜன் வேளுக்கர் தமக்குச் சட்டம் தந்திருந்த அவசர அதிகாரத்தை எடுத்தார். கல்வியாண்டின் நடுவிலேயே நாவல் பாடத்திலிருந்து போயிற்று. சேவியர்ஸ் கல்லூரியின் முதல்வர் ஃபாதர் ஃப்ரேசர் மஸ்கரேனஸ் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். மிஸ்திரியும் ஓர் அறிக்கை விட்டார். கட்சியின் செயல் அவருக்குப் புதிதாகத் தெரியவில்லை. சுயதணிக்கையைப் பல்கலைக்கழகம் ஒரு நிறுவன வழக்கமாகவே ஆக்கிவிடும் நிலைக்கு வந்துவிட்டதே என்பதுதான் அவருடைய பெரிய வருத்தமாக இருந்தது.

கவனியுங்கள். கொளுத்தியவர்கள் கையில் இருந்தவை சில பிரதிகள். பாடத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தது கல்வி நிறுவனம். பேராசிரியர்களும் கல்விக்குழுவும் சட்டதிட்டமும் உள்ள பல்கலைக்கழகத்துக்கே இந்தக் கதி. அரைநேர நூலகர் ஒருவர் மட்டும் உள்ள பள்ளியில் ஒரு போன் கால் போதாதா?

இதே ஊரில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1987-ல் மகாராஷ்டிர அரசு அம்பேத்கர் எழுத்துகளின் நான்காம் தொகுதியாக 'ரிடில்ஸ் இன் ஹிந்துயிசம்' நூலை வெளியிட்டது. ராமர், கிருஷ்ணர் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லி சிவசேனை கிளம்பியது. நீக்கக் கூடாது என்று தலித் அமைப்புகள் 1988 தொடக்கத்தில் பம்பாய்த் தெருக்களை நிறைத்தன. கடைசியில் அந்தப் பகுதி அச்சில் நின்றது. அரசுக்கு அந்தக் கருத்துகளில் உடன்பாடில்லை என்ற குறிப்பு மட்டும் சேர்ந்தது. 'இது எங்கள் புத்தகம்' என்று சொல்ல ஆள் இருந்தால் ஒரு அடிக்குறிப்போடு விவகாரம் முடிந்துவிடுகிறது. மிஸ்திரியின் நாவலுக்கு அப்படி ஒரு கூட்டம் சேரவில்லை.

நமக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

பம்பாய்த் தமிழனுக்கு அடங்கிப்போவது பழகிய வித்தை. 1966-ல் சிவசேனை பிறந்ததே 'மதராஸி' எதிர்ப்பைக் கையில் எடுத்துத்தான். தாக்கரேயின் 'மார்மிக்' பத்திரிகையில் கம்பெனி கம்பெனியாகத் தென்னிந்தியப் பெயர்களின் பட்டியல் வந்தது. உடுப்பி ஹோட்டல்கள் மீது கல் விழுந்தது. அன்று மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருந்த நம் பெரியவர்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள்: பிழைக்க வந்த ஊரில் குரலை உயர்த்தாதே. பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. கல் விழும்போது கடையை மூடத்தான் வேண்டும்.

இன்றைய நிலைமை வேறு. கல்லும் இல்லை, எறிய ஆளும் இல்லை, ஆனாலும் ஷட்டரை இறக்கிவிடுகிறோம். அதுவும் நம் கடையை அல்ல, நம் பிள்ளைகளின் அலமாரியை.

பள்ளியின் அமைப்பும் பயத்துக்கு வசதியாக இருக்கிறது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. ஆனால் நூலகத்துக்கென்று முழுநேர ஆள் எல்லாப் பள்ளியிலும் இல்லை. உதவி பெறும் பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து அரைநேர நூலகர். அதுவும் இல்லாவிட்டால் தமிழாசிரியரோ வேறு ஆசிரியரோ சாவி வாங்கிக்கொள்கிறார். சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்குக் கிடைப்பது பள்ளியின் நிலையைப் பொறுத்து 5,000 முதல் 20,000 ரூபாய் வரை. இவ்வளவு சின்னத் தொகையை வைத்துக்கொண்டு யார் ரிஸ்க் எடுப்பார்? நீதிக்கதை, பொது அறிவு, கட்டுரை-கடிதக் கையேடு, தலைவர்கள் வரலாறு என்று வாங்கிப்போட்டால் ஆடிட்டும் கேட்காது, அரசியலும் கேட்காது. பிள்ளைகளும் படிக்காது!

இந்த அறிகுறிகள் தென்பட்டால் உஷார்

சுயதணிக்கை தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அது வரும் வேஷங்கள் இவை:

*'நிதி இல்லை.'* எல்லாப் புத்தகத்துக்கும் இல்லாத பணத்தட்டுப்பாடு சாதி, மதம், உடம்பு, அரசியல் பேசும் புத்தகத்துக்கு மட்டும் வருகிறதா? சந்தேகப்படுங்கள்.

*'எச்.எம். ரூம் பீரோவில் இருக்கு.'* புத்தகம் பதிவேட்டில் உண்டு, அலமாரியில் இல்லை. கேட்டால் தருவோம் என்பார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் தலைமையாசிரியர் அறைக்குப் போய், மாதவிடாய் பற்றிய புத்தகம் வேண்டும் என்று கேட்பாளா?

*'பழசு, கழித்துவிட்டோம்.'* ஆண்டுதோறும் ஸ்டாக் சரிபார்க்கும்போது கிழிந்தவையும் செல்லரித்தவையும் கழியும், அது முறை. நல்ல நிலையில் உள்ள புத்தகம் அந்தப் பட்டியலுக்குள் நுழைந்தால் முறை அல்ல. கழித்தல் பட்டியலில் அக்செஷன் எண்ணும் காரணமும் கையெழுத்தும் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பாருங்கள்.

*'தொலைந்தால் நான் கட்டணும்.'* இந்தப் பயம் உண்மையானது. ஆனால் மத்திய அரசின் பொது நிதி விதிகளே (2017) நூலகத்தில் ஆண்டுக்கு ஆயிரம் முறை புத்தகம் எடுக்கப்பட்டால் ஐந்து தொலைவது இயல்பு என்று ஒப்புக்கொள்கின்றன. நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவே. தொலையும் பயத்தில் பூட்டத் தொடங்கும் கை, கொஞ்ச நாளில் எதைப் பூட்டுவது என்று தேர்ந்தெடுக்கவும் பழகிவிடுகிறது.

*கறுப்பு மை, ஒட்டிய பக்கம், கிழிந்த படம்.* இதற்கு விளக்கமே தேவையில்லை.

கேள்வி கேட்டாலே காலியான அலமாரி

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. 1959-ல் மார்ஜரி ஃபிஸ்க் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னியாவின் பள்ளி நூலகங்களையும் பொது நூலகங்களையும் ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். வெளியாட்களின் மிரட்டலைத் தேடிப் போனவர் கண்டது வேறு. புத்தகம் தேர்ந்தெடுப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர், சர்ச்சை வருமே என்று ஏதாவது ஒரு புத்தகத்தை வாங்காமல் விட்டதாக அவர்களே சொன்னார்கள்.

அறுபது ஆண்டு தாண்டியும் கதை மாறவில்லை. 2021 அக்டோபரில் டெக்சாஸ் மாநில சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சுமார் 850 தலைப்புகளைப் பட்டியலிட்டு, 'இவை உங்கள் பள்ளிகளில் உண்டா?' என்று கேட்டு எழுதினார். தடை அல்ல, வெறும் கேள்வி. சான் அன்டோனியோவில் ஒரு பள்ளி மாவட்டம் நானூறுக்கும் மேற்பட்ட புத்தகங்களை மறுபரிசீலனைக்கு என்று அலமாரியிலிருந்து இறக்கிவிட்டது. அதன் பிறகு கேட்கவா வேண்டும்? 2023-24 கல்வியாண்டில் மட்டும் அமெரிக்கப் பள்ளிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தக நீக்கங்களைப் 'பென் அமெரிக்கா' அமைப்பு பதிவு செய்தது.

ஆனால் அங்கே கணக்கெடுக்க ஆள் இருக்கிறது. இங்கே ஒரு பள்ளியில் ஒரு புத்தகம் பீரோவுக்குள் போனால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

'பேன் பண்ணிட்டாங்களாம்' என்றால் முதல் கேள்வி: உத்தரவு எங்கே?

இந்தியாவில் ஒரு புத்தகத்தைத் தடுப்பது வாய்ப்பேச்சால் நடக்கும் காரியம் அல்ல. பிரதிகளைப் பறிமுதல் செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95-ம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98-ம் பிரிவு. அதற்கு முறையான அறிவிக்கை வேண்டும். அதில் காரணம் எழுதியிருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தில் அக்கறை உள்ள யாரும் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம்; மூன்று நீதிபதிகள் அமர்ந்து கேட்பார்கள்.

காரணம் எழுதாவிட்டால் என்ன ஆகும்? தந்தை பெரியாரின் ராமாயண விமர்சன நூலைக் கேளுங்கள். அதன் ஆங்கில, இந்திப் பதிப்புகளை 1969-ல் உத்தரப் பிரதேச அரசு பறிமுதல் செய்தது. வெளியிட்ட லலாய் சிங் யாதவ் வழக்குப் போட்டார். அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 1976-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்ந்த உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அரசு தன் முடிவுக்கான காரணங்களை அறிவிக்கையில் சொல்லவில்லை என்பதுதான் குற்றம். அரசாங்கமே காரணம் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பும் பேட்டைப் பிரமுகர் எழுதித்தர வேண்டாமா?

இன்னொரு வேடிக்கை. சல்மான் ருஷ்டியின் 'சாத்தானிக் வெர்சஸ்' நாவலை இறக்குமதி செய்ய 1988 அக்டோபரில் தடை வந்தது. முப்பத்தாறு ஆண்டு நாடே அதை நம்பிக்கொண்டிருந்தது. ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, அந்த அறிவிக்கையைக் காட்டுங்கள் என்றார். எந்த அதிகாரியாலும் காட்ட முடியவில்லை. அப்படி ஒன்று இருப்பதாகக் கொள்ள முடியாது என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.

நிஜத் தடை எப்படி இருக்கும்? 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் உள்துறை 25 புத்தகங்களைப் பறிமுதல் செய்ததே, அப்படி இருக்கும். தலைப்பும் ஆசிரியரும் சட்டப்பிரிவும் காகிதத்தில் வரும். அதை ஏற்பதா எதிர்ப்பதா என்பது வேறு விவாதம். எதிர்ப்பதற்குக் கையில் ஒரு காகிதமாவது இருக்கிறது.

"வச்சிருந்தாலே உள்ளே போட்டுடுவாங்க" என்ற பயமும் நம்மிடையே உலவுகிறது. அதற்கு ஒரு மும்பைக் காரணம் உண்டு. 2019 ஆகஸ்டில் பயங்கரவாத வழக்கில் கைதான செயற்பாட்டாளர் வெர்னன் கொன்சால்வஸின் ஜாமீன் மனுவை விசாரித்த பம்பாய் உயர் நீதிமன்றத்தில், 'வார் அண்ட் பீஸ்' புத்தகத்தை ஏன் வீட்டில் வைத்திருந்தீர்கள் என்று கேள்வி எழுந்தது. டால்ஸ்டாய் நாவலா என்று நாடே திகைத்தது. ஜங்கிள்மஹால் பற்றிய வேறொரு புத்தகம் என்று மறுநாள் விளக்கம் வந்தது. பலருக்குத் திகைப்பு மட்டும்தான் நினைவில் தங்கியது. 2023 ஜூலையில் அவருக்கு ஜாமீன் தந்த உச்ச நீதிமன்றம் சொன்னதை எத்தனை பேர் படித்தோம்? புத்தகம் வைத்திருப்பது மட்டுமே பயங்கரவாதக் குற்றம் ஆகிவிடாது என்பதே அதன் சாரம்.

ஒரு பக்க ஜெராக்ஸ், பெரிய ஆபத்து

புகார் வரும்போது புத்தகம் வராது. ஒரு பக்கம்தான் வரும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வெளிவந்தது. நாலு ஆண்டு யார் மனமும் புண்படவில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் சில பக்கங்களின் நகல் கைக்குக் கை பரவியது, புத்தகம் எரிந்தது, கடையடைப்பு வந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ஒரு 'சமாதானக் கூட்டம்'. நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மனிதர், தமக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கூட்டத்தின் முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, மீண்டும் எழுத அழைத்தது.

நூலகர்கள் இதில் பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. நகலெடுத்த பக்கத்தை வைத்துப் புத்தகத்தை எடைபோடாதீர்கள். 'பேசி முடிச்சுக்கலாம் வாங்க' என்று அழைத்தால் தனியாகப் போகாதீர்கள். போனாலும் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள்.

பல்கலைக்கழகங்களைப் பார்த்தால் பயம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று தெரியும். 2020 நவம்பரில் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், ஏ.பி.வி.பி. மாணவர் அமைப்பின் புகாருக்குப் பின் அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் தி காம்ரேட்ஸ்' நூலை எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திலிருந்து எடுத்தது. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திலிருந்து மகாஸ்வேதா தேவியோடு நம் பாமாவும் சுகிர்தராணியும் வெளியேறினார்கள். தாராவியில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அவளுடைய தெருவின் குரலிலேயே பேசக்கூடிய இரண்டு தமிழ் எழுத்தாளர்கள். டெல்லியில் நடந்ததைப் படித்துவிட்டு இங்கே ஒரு தமிழாசிரியர் பாமாவின் தன்வரலாற்று நூலான 'கருக்கு'வைத் தன் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால், அதை யார் கண்டுபிடிப்பார்?

எல்லாப் புகாரும் மிரட்டல் அல்ல

இதையும் சொல்லியாக வேண்டும். 2012-ல் என்.சி.இ.ஆர்.டி. பதினொன்றாம் வகுப்பு அரசியல் பாடநூலில் இருந்த அம்பேத்கர் கார்ட்டூனைப் பார்த்து தலித் தலைவர்கள் கொதித்தார்கள். 1949-ல் சங்கர் வரைந்தது. அதே ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்த இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லக்ஷ்மண் கார்ட்டூனை நீக்கச் சொல்லித் தமிழகக் கட்சிகளே ஒரே குரலில் நின்றன. அதாவது, நீக்கச் சொல்லும் வரிசையில் தமிழர்களும் நின்றிருக்கிறோம். அந்தக் கோபத்தில் காயமும் இருந்தது. பாடநூல் எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயம். நூலகப் புத்தகம் விரும்பியவருக்கு மட்டும். அந்த வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது.

ஒரு தாய் வந்து, "இந்தக் கதையில் எங்க சாதிப் பேரை வசவாப் போட்டிருக்காங்க, என் மகன் அழறான்" என்றால், அவரை எதிரியாகப் பார்த்தால் நூலகர் தோற்றார். பழைய சிறுவர் கதைகளில் கறுப்பையும் குண்டையும் ஊனத்தையும் கேலி செய்யும் வரிகள் ஏராளம். சிறுவர் கைக்கு ஆபாசப் பொருளைக் கொடுப்பது சட்டப்படி குற்றம். ஐந்தாம் வகுப்புக்கு ஏற்றது வேறு, பதினொன்றாம் வகுப்புக்கு ஏற்றது வேறு. தன் பிள்ளை எதைப் படிக்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஊரார் பிள்ளை எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை இல்லை.

லெஸ்டர் ஆஷைம் என்ற நூலகவியல் அறிஞர் 1953-லேயே இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். தேர்ந்தெடுப்பவர் புத்தகத்தை வைத்துக்கொள்ளக் காரணம் தேடுவார். தணிக்கை செய்பவர் தள்ளிவிடக் காரணம் தேடுவார். பட்டியலைக் கையில் எடுக்கும்போது நீங்கள் எதைத் தேடுகிறீர்கள்?

நூலகரே, இன்றே செய்யுங்கள்

புகார் வந்த பிறகு விதி எழுத உட்கார்ந்தால், அது அந்தப் புகாருக்கு எதிராக எழுதியதுபோல் தெரியும். ஊர் அமைதியாக இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

1. *ஒரு பக்கக் கொள்கை.* எந்த அடிப்படையில் புத்தகம் வாங்குகிறோம், எந்த வயதுக்கு எது, யார் முடிவெடுப்பது என்று தமிழிலும் மராத்தியிலும் ஒரே பக்கத்தில் எழுதித் தலைமையாசிரியரிடமும் நிர்வாகத்திடமும் கையெழுத்து வாங்குங்கள். இலவசமாக வரும் அட்டைப்பெட்டிகளுக்கும் அதே விதி. தேர்தல் நெருங்கும்போது கட்சிகளும் மற்ற நாளில் பக்தி அமைப்புகளும் கொடுக்கும் புத்தகம் நேராக அலமாரிக்குப் போகக் கூடாது. ஒரு கையால் தள்ளி, மறு கையால் திணித்தால் அதுவும் தணிக்கைதான்.

2. *சட்டத்தைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.* 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் எல்லாப் பொருள்கள் பற்றிய புத்தகங்களும் கதைப் புத்தகங்களும் செய்தித்தாளும் இதழ்களும் இருக்க வேண்டும் என்கிறது. 'எல்லாப் பொருள்கள்' என்பதைக் கொள்கையின் முதல் வரியில் போடுங்கள்.

3. *புகாரை எழுத்தில் வாங்குங்கள்.* பெயர், புத்தகம், பக்கம், எதனால் ஆட்சேபம், முழுப் புத்தகமும் படித்தீர்களா, என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள். ஆறே கேள்வி. மரியாதையாக நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, படிவத்தையும் கொடுங்கள். உண்மையான காயத்தோடு வந்தவர் எழுதுவார். சத்தம் போட வந்தவர் பேனாவைப் பார்த்ததும் பாதியில் நிற்பார்.

4. *முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியில்.* இதுதான் உயிர்நாடி. விசாரணைக்கென்று உள்ளே போன புத்தகம் பெரும்பாலும் வெளியே வருவதில்லை.

5. *தனியாக முடிவெடுக்காதீர்கள்.* அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவிலிருந்து இரண்டு பேர், ஒரு மொழியாசிரியர், நூலகர் என்று நாலு பேர் முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும். வயதுப் பிரிவு மாற்றுவது, ஒரு விளக்கக் குறிப்பு ஒட்டுவது, அப்படியே வைப்பது, எடுப்பது என்று நாலு வழி உண்டு. எடுப்பது கடைசி வழி.

6. *முடிவைக் காரணத்தோடு பதிவு செய்யுங்கள்.* எடுத்தாலும் எழுதுங்கள், வைத்தாலும் எழுதுங்கள். வாங்காமல் விட்டதற்கும் ஒரு நோட்டில் ஒரு வரி காரணம். 'பயம்' என்று எழுதக் கை கூசும். அந்தக் கூச்சம் நல்லது.

செய்யவே கூடாதவையும் உண்டு. போனில் சொன்னதற்காக எடுக்காதீர்கள். பக்கத்தைக் கிழிக்காதீர்கள், மை பூசாதீர்கள். புகார் தந்தவர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போட்டு அவரைக் கேலிப்பொருள் ஆக்காதீர்கள். மிரட்டல் வந்தால் வீரம் காட்டாமல் நிர்வாகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். நிர்வாகமே வாய்மொழியாக எடுக்கச் சொன்னால், "அப்படியே சார், ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க" என்று பணிவாகக் கேளுங்கள். பள்ளி நிர்வாகத்துக்குத் தன் நூலகத்தைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் உண்டு. அது எழுத்தில் இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. வாயால் சொல்லும் தைரியம் கையால் எழுதச் சொன்னால் பலருக்கு வருவதில்லை.

பெற்றோரே, உங்களுக்கும் வேலை இருக்கிறது

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைக் கட்டியெழுப்பிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பவை அவற்றில் இரண்டு. உலகமே நூலகர்களுக்குப் பாடமாக வைத்திருக்கும் அந்த விதிகள், அவர் மொழி பேசும் பிள்ளைகளின் பள்ளியில் ஒரு போன் காலுக்கு அடங்கிவிடலாமா?

ஜூனில் பள்ளி திறக்கும்போது ஃபீஸ், யூனிஃபார்ம், வேன் பற்றிக் கேட்பீர்கள். கூடவே நாலு கேள்வி கேளுங்கள். போன ஆண்டு நூலகத்துக்கு வாங்கிய புத்தகங்களின் பட்டியலைப் பார்க்கலாமா? கழித்த புத்தகங்களின் பட்டியல் எங்கே? புகார் வந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? என் பிள்ளை வாரத்துக்கு ஒரு புத்தகமாவது வீட்டுக்குக் கொண்டுவரலாமா? நாலு குடும்பம் சேர்ந்து கேட்டால் போதும். நூலகருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. எடுக்கச் சொல்பவரின் குரல் மட்டுமே இதுவரை அவர் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. வைக்கச் சொல்பவரின் குரலையும் அவர் கேட்கட்டும்.

மேலாண்மைக் குழுவில் இடம் காலி என்றால் உங்கள் பெயரைக் கொடுங்கள். "எனக்கு அவ்வளவு படிப்பில்லை" என்று ஒதுங்காதீர்கள். பட்டியலைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. 'எதுக்கு லஃப்டா' என்ற வார்த்தை அந்த மேசையில் விழும்போது, "என்ன லஃப்டா, யாரு புகார் கொடுத்தது, காகிதம் எங்கே?" என்று கேட்க ஒருவர் வேண்டும். அது நீங்களாக இருங்கள்.